மீண்டும் களி

எங்கள் தருமபுரிப் பக்கம் அன்று நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், இல்லாவிட்டால் விருந்தாளி வரவேண்டும். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். பொழுது சாய்ந்ததும் உலை கொதிக்கும். அம்மா நொய்யைப் போட்டு, அது வெந்ததும் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டுவார். ஈரக் கையால் தொட்டுப் பார்ப்பார். விரலில் ஒட்டாவிட்டால் களி வெந்துவிட்டது. உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து, நடுவே குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றுவார்.

களி தின்கிற வீடு ஏழை வீடு என்பது அன்றைய கணக்கு. கையில் நாலு காசு புழங்கியதும் ஊர் முதலில் கைவிட்டது களியைத்தான். 1966-இல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் நெல் விளைச்சலைக் கூட்டின. ரேஷன் கடை அரிசியை வீட்டுக்கு வீடு சேர்த்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு அது விலையில்லாமலே கிடைக்கிறது. பசியைத் தீர்த்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஏர் பிடித்த கைகள் ஓய்ந்த பிறகும் தட்டில் சோறு மட்டும் குறையவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. பாதம் மரத்துப்போயிருந்ததால் காலில் புண் வந்தது அவருக்கே தெரியவில்லை. அது ஆறாமல் போய், கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தவன் நான். பல ஆண்டுகள் கழித்து ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். எடையும் தொப்பையும் அப்போது என் நினைவிலேயே இல்லை. அப்பாவின் கால்தான் கண்முன் நின்றது. நான் உணவை மாற்றியது அதற்காகத்தான்.

இன்று களிக்கு மவுசு கூடிவிட்டது. ஐ.நா. 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஏழை வீட்டு அடையாளமாக இருந்த தானியம் பளபளக்கும் பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. நல்ல தானியம்தான்: நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கும் ராகி மால்ட்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பெரிய உருண்டையைச் செரிக்க வைக்கும் காட்டு வேலை தாத்தாவுக்கு இருந்தது, நமக்கு இல்லை. அதனால் என் மதியத் தட்டில் சிறிய உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரை, கூடவே கொள்ளுக் கடைசல். இரவு சாப்பிட்டதும் நடை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண் இறங்கியிருக்கிறது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் முப்பது வயதிலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் காசு இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் களியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது. அளவைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள்.