மேலிடத்துல சொல்லியாச்சு

அண்ணன் ஏ.ஐ.சி.சி. மெம்பர். அந்த நான்கெழுத்து விசிட்டிங் கார்டில் உண்டு, கார் கண்ணாடியில் உண்டு, பேத்தியின் காதணி விழாப் பத்திரிகையிலும் உண்டு. காங்கிரஸ் தலைமை அலுவலகம் 2025 ஜனவரியில் அக்பர் சாலையிலிருந்து கோட்லா சாலைக்கு மாறியது. புதுக் கட்டடமான இந்திரா பவன் வாசலில் எடுத்த போட்டோதான் இப்போது வாட்ஸ்அப் டி.பி.

எதைக் கேட்டாலும் ஒரே பதில். சாக்கடை அடைத்துக்கொண்டதா? "மேலிடத்துல சொல்லியாச்சு." கூட்டணியில் எத்தனை சீட்? "மேலிடத்துல பேசிட்டிருக்காங்க." சொல்லும்போது குரல் தாழும், கண் மேலே போகும். மேலிடம் என்பது டீக்கடை மின்விசிறிக்குப் பக்கத்தில் எங்கோ இருப்பதாக மாஸ்டர் நம்புகிறார். போன் வந்தால் சட்டென்று எழுந்து, "ஹாஞ்சி... ஜீ... அச்சா ஜீ" என்றபடி ஓரமாகப் போவார். ஒருநாள் நானும் அந்த ஓரத்தில்தான் நின்றிருந்தேன். லோன் வேண்டுமா என்று இந்தியில் ஒரு பெண்குரல், ரெக்கார்டு செய்தது. அதற்கும் நான்கு ஜீ போட்டுவிட்டு வந்து, "டெல்லி" என்று மட்டும் சொன்னார்.

கட்சி விதி தெரியாதவர் அல்ல. மாநிலக் கமிட்டி உறுப்பினர்களில் எட்டில் ஒரு பங்குப் பேர் அகில இந்தியக் கமிட்டிக்குப் போவார்கள், செயற்குழுவில் ஒரு பகுதியை அந்தக் கமிட்டிதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒப்பிப்பார். "அப்ப மேலிடத்துக்கே மேலிடம் நீங்கதானே?" என்று மளிகைக்கடைப் பையன் கேட்டுவிட்டான். அண்ணன் பதறி, யாராவது கேட்டிருப்பார்களோ என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். செயற்குழுவுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 1997-ல், கல்கத்தாவில். 2023-ல் ராய்ப்பூர் மாநாட்டுக்குப் பெட்டி கட்டிப் போனார். போன அன்றே, தேர்தல் இல்லை, தலைவரே நியமிப்பார் என்று சொல்லிவிட்டார்கள். "பெரிய நிம்மதிப்பா" என்றார்.

2022 தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி பவனில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. அண்ணன் யாருக்குப் போட்டார்? "மேலிடத்துல கேட்டுட்டுத்தான் போட்டேன்." மேலிடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே மேலிடத்தைக் கேட்ட மனிதரை என்ன செய்வது!

பாவம், காசு பார்த்தவரும் இல்லை. கதருக்கே கடன். ஆனால் வீட்டுத் திண்ணையில் காமராஜர் படம் மாட்டியிருக்கிறார். கட்சித் தலைவராக 1964-லும் 1966-லும் பிரதமர் யார் என்பதை முன்னின்று முடிவு செய்தவர் அவர். அந்தப் படத்துக்குக் கீழேதான், வட்டாரத் தலைவர் யார் என்று டெல்லி சொல்வதற்காக இவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூத் ஏஜென்ட்டாக உட்காரட்டுமா என்று இரண்டு பையன்கள் தாமாக வந்து கேட்டால்கூட, "லிஸ்ட் மேல போயிருக்கு தம்பி" என்று அனுப்பிவிடுகிறார். ஓட்டுப்பதிவு அன்று காலை கூட்டணிக் கட்சிக்காரர்தான் பார்த்து யாரையாவது உட்கார வைக்கிறார்.