ஞாயிறு அதிகாலை 2 மணி: சர்வர் பராமரிப்பு முகூர்த்தம் குறித்த ஓர் ஆராய்ச்சி

அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் மேய்ப்பதற்கென்று ஒரு சர்வர் உண்டு. அதன் வயிற்றுக்குள் ஒரு டேட்டாபேஸ் உண்டு. அந்த டேட்டாபேஸை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதிலும் வேறுபாடு இல்லை என்பதுதான் வியப்பு. எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், எந்த அட்மினைக் கேட்டாலும் ஒரே விடை: ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணி. செவிவழியாக வந்து, ஒருவர் ஷெட்யூலைப் பார்த்து இன்னொருவர் எழுதி நிலைபெற்ற விடை இது. இதை இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதே இவ்வாய்வுக்குப் போதிய காரணம்.

எல்லாச் சர்வரையும் எடுத்தால் நூல் விரியும் என்று அஞ்சி, மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். என்னும் அப்டேட் சர்வரை மட்டும் ஆய்வெல்லையாகக் கொள்கிறோம். தேவைப்படும் இடத்தில் அதன் அண்ணனாகிய கான்ஃபிகரேஷன் மேனேஜர் சாட்சிக்கு அழைக்கப்படுவார்.

வரலாறு சுருக்கமே. 2002இல் எஸ்.யூ.எஸ். என்ற பெயரில் பிறந்து, 2005இல் முன்னே ஒரு டபிள்யூ சேர்த்துக்கொண்டது. 2003 அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் பேட்ச்களை வெளியிடுகிறது. சர்வர் அவற்றின் விவரங்களை வாங்கி சஸ்டிபி என்னும் டேட்டாபேஸில் போட்டுக்கொள்ளும். அட்மின் அப்ரூவ் செய்வார். கம்ப்யூட்டர்கள் வந்து வாங்கிப்போகும். இந்த மாதத்துப் பேட்ச் போன மாதத்துப் பேட்சைத் தேவையற்றதாக்கிவிடும். ஆனால் தேவையற்றதானது தானாக வெளியேறாது. யாராவது வந்து 'டிக்ளைன்' என்று சொல்லும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பணி ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து பேப்பர் படிப்பவரைப் போல.

இப்படிச் சில வருஷம் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்டவர்கள் அறிவார்கள். கன்சோலைத் திறந்தால் வட்டம் சுற்றும். வெகுநேரம் சுற்றிவிட்டு 'ரீசெட் சர்வர் நோடு' என்று ஒரு பட்டனைக் காட்டும். அதை அழுத்தினால் மறுபடி சுற்றிவிட்டு அதே பட்டனைக் காட்டும். சரி, துப்புரவு செய்துவிடுவோம் என்று 'சர்வர் கிளீனப் விசார்டு' பக்கம் போனால் அங்கே டிக் செய்ய ஐந்து கட்டங்கள். ஐந்தையும் டிக் செய்துவிட்டு நெக்ஸ்ட் அழுத்தினால், பச்சைக்கோடு பாதியில் நின்று, மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது டைம் அவுட் ஆகிக் கிடக்கும். குப்பை கூடினால் குப்பையை அள்ளும் கருவியே வேலை செய்யாது என்பது இத்துறையின் முதல் விதி. ஆகவேதான் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

இனி நாள்.

ஞாயிறு 2 மணி ஏன் நன்று எனின், அந்நேரத்தில் ஆளில்லை என்பர். ஆளில்லை என்பது மெய். வேலையில்லை என்பது பொய். என்னை? அந்த 2 மணிக்கு பேக்கப் ஓடுகிறது. ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடுகிறது. அதே ஸ்டோரேஜில் குடியிருக்கும் பக்கத்துச் சர்வர்களின் பேக்கப்பும் ஓடுகிறது. ஒவ்வொரு டீமும் தனித்தனியே அறையில் உட்கார்ந்து, மற்றவர் யாரும் இல்லாத நேரம் எது என்று யோசித்து, தனித்தனியே ஒரே நேரத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. வைகாசி வளர்பிறை முகூர்த்தத்தன்று ஊரில் ஒரு மண்டபமும் கிடைக்காததற்கும், ஞாயிறு 2 மணிக்கு டிஸ்க் மூச்சு திணறுவதற்கும் காரணம் ஒன்றே.

மென்பொருள் எழுதியவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜரின் பராமரிப்புப் பணிகளைத் திறந்து பாருங்கள். பலவற்றுக்கு நள்ளிரவு 12க்கு மேல், காலை 5க்குள் என்று தயாராகவே எழுதி வைத்திருப்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த 5 மணி தொடங்குவதற்கான கெடு. முடிப்பதற்கான கெடு அன்று. 4:55க்குத் தொடங்கிய பணி எப்போது முடியும் என்பது அதன் இஷ்டம். முடிக்கும் நேரத்தைப் பற்றி மௌனம் காக்கும் இந்தக் கட்டத்தை வடிவமைத்தவர் வீடு கட்டும் காண்ட்ராக்டரிடம் பயின்றவராக இருக்கலாம் என்பது நம் ஊகம்.

எல்லாரும் முழு மணிக்கே போய் விழவில்லை என்று நிறுவவும் சான்று உண்டு. பழைய ரெட் ஹேட் லினக்ஸில் தினசரிப் பணிகள் காலை 4:02க்கு ஓடும். டெபியனில் 6:25. முழு மணியை விட்டு நகர்ந்து நிற்பதில் ஓர் அறிவு இருக்கிறது. 4:00க்கு முண்டியடிக்கும் கூட்டத்தைத் தள்ளி நின்று பார்த்த யாரோ வைத்த இரண்டு நிமிஷம் அது. விண்டோஸ் உலகில் இந்த மரபு வளராதது வருந்தத்தக்கது.

அடுத்து, 2 மணி என்பது எந்த ஊர் 2 மணி என்னும் வினா. சர்வர் அமெரிக்காவில் இருக்க, அதைப் பார்த்துக்கொள்பவர் சென்னையில் இருப்பது இன்று சர்வ சாதாரணம். நியூயார்க்கில் ஞாயிறு அதிகாலை 2 என்றால் கோடையில் இங்கே காலை 11:30. இட்லிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் நடுவில். இது போதாதென்று, அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று 2 மணி அடித்தவுடன் கடிகாரம் 3க்குத் தாவிவிடும். 2007 முதல் இந்தத் தேதிதான். அன்று 2:30க்கு என்று வைத்த வேலைக்கு 2:30 என்ற நேரமே வராது. நவம்பர் முதல் ஞாயிறன்று 1:30 இருமுறை வரும். வருஷத்தில் 52 ஞாயிறு இருக்க, கடிகாரத்தையே நம்ப முடியாத இரண்டு நாளும் ஞாயிறாகவே அமைந்து, கோளாறும் சரியாக 2 மணியை ஒட்டியே நிகழ்வதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. நம்மூர்ப் பஞ்சாங்கமும் ஞாயிறு 2 மணியை ஏற்பதில்லை. அதன்படி நாள் சூரிய உதயத்தில்தான் பிறக்கிறது. ஆகவே ஞாயிறு அதிகாலை 2 மணி ஞாயிறே அன்று. அது சனி.

நேரம் இப்படி என்றால் செய்யும் காரியம் எப்படி? பராமரிப்பின் நடுநாயகம் இன்டெக்ஸைச் சீர் செய்வது. சஸ்டிபியைத் தாங்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் எல்லாவற்றையும் 8 கேபி பக்கங்களில் வைக்கிறது. எழுதி அழித்து எழுதும்போது பக்கங்கள் வரிசை மாறிச் சிதறும். சிதைவு 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விட்டுவிடு, 5 முதல் 30 வரை அடுக்கிவை, 30க்கு மேல் முழுதாகத் திரும்பக் கட்டு என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் சூத்திரம். இதற்கு மூலம் தேடிப் போனால் ஆய்வாளருக்கு ஓர் இன்பம் காத்திருக்கிறது. அக்காலத்தில் மைக்ரோசாஃப்டில் இப்பகுதியை எழுதிய பால் ராண்டல் என்பவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: ஆவணத்தில் போட ஏதாவது எண் வேண்டியிருந்தது, பொதுவாகப் பொருந்தும் என்று தாம் வைத்தவை அவை, யாரும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்று. அவர் சொன்னது சொன்னபடி இருக்க, 30 என்னும் எண் இன்றும் உலகெங்கும் ஸ்கிரிப்ட்களில் வீற்றிருக்கிறது. 29 என்று மாற்றிப் பார்க்கும் துணிவு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

வேறொரு சாரார் உளர். அவர்கள் 1 மணிக்கு இன்டெக்ஸைத் திரும்பக் கட்டுவார்கள். 2 மணிக்கு, டிஸ்கில் இடம் மிச்சமாகட்டும் என்று டேட்டாபேஸை 'ஷ்ரிங்க்' செய்வார்கள். ஷ்ரிங்க் என்பது கோப்பின் கடைசியில் இருக்கும் பக்கங்களைத் தூக்கி முன்னால் கிடைத்த ஓட்டையில் எல்லாம் சொருகுவது. அதாவது ஒரு மணிநேரம் பாடுபட்டு அடுக்கியதை அடுத்த ஒரு மணிநேரம் பாடுபட்டுக் கலைப்பது. காலையில் இரண்டு பணிக்கும் பச்சை டிக் இருக்கும். இரண்டும் வெற்றி. டேட்டாபேஸ் மட்டும் நேற்றைவிட மோசம். இவ்விரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்து வைக்க எஸ்.க்யூ.எல். சர்வரின் பராமரிப்புத் திட்ட விசார்டு தாராளமாக அனுமதிக்கிறது என்பதையும் பதிவு செய்கிறோம்.

இனி முக்கியமான பகுதி: பணி ஓடியதா?

டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஸை இயல்பாக நிறுவினால் வருவது விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸ் என்னும் காசில்லாத வகை. அதில் நேரத்துக்கு வேலையை எழுப்பும் ஏஜென்ட் கிடையாது. வெளியிலிருந்தும் அதைத் தொட முடியாது. ஆகவே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையாக வைப்பார்கள். வைக்கும்போது யார் கணக்கில் ஓட வேண்டும் என்று கேட்கும். வைப்பவர் தம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுப்பார். அலுவலக விதிப்படி சில மாதத்தில் அவர் பாஸ்வேர்டை மாற்றுவார். ஷெட்யூலருக்கு அந்தச் செய்தி போகாது. அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் 2 மணிக்கு அந்த வேலை எழுந்து, கதவைத் தட்டி, யார் என்று கேட்டதும் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போகும். பணி தோற்றால் மெயில் வரும்படி செய்திருப்பவர்களும் உண்டு. அந்த மெயில் போய்ச் சேரும் முகவரி வேலையை விட்டுப் போனவருடையது. இல்லையேல் அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு நேராக ஒரு ஃபோல்டருக்கு அனுப்பப்பட்டிருக்கும். அந்த ஃபோல்டரில் படிக்காத மெயிலின் எண்ணிக்கை தடித்த எழுத்தில் நான்கு இலக்கத்தில் நிற்கும்.

ஆகவே ஞாயிறு 2 மணிக்குக் குறிக்கப்பட்ட பராமரிப்பு உண்மையில் நடைபெறும் நேரம் திங்கள் காலை 9:40. அப்போதுதான் எல்லாரும் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்கள், சர்வர் படுக்கிறது, அட்மின் கையில் காபியோடு ஓடிவருகிறார்.

அற்றேல், பகலில் செய்தால் பயனாளர் பாதிக்கப்படாரோ எனின், அன்று. பயனாளர் யார் என்று பார்க்க வேண்டும். இது வங்கிக் கவுன்டர் சர்வர் அன்று, ரயில் டிக்கெட் சர்வரும் அன்று. டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஸின் பயனாளர் கம்ப்யூட்டர்களே. அவை இயல்பாக 22 மணிநேரத்துக்கு ஒருமுறை வந்து புதுசு ஏதும் உண்டா என்று கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதாதிருக்க, அந்த 22இல் 20 சதவீதம்வரை தன்னிச்சையாகக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஏறத்தாழ பதினேழரை மணிநேரத்திலும் வரலாம், 22இலும் வரலாம். நேரம் தவறி வருவதையே ஒழுக்கமாகக் கொண்ட இந்தப் பயனாளர்கள், சர்வர் ஒருமணிநேரம் பதில் சொல்லாவிட்டால் கோபிப்பதில்லை, டிக்கெட் போடுவதில்லை, மேனேஜருக்கு சி.சி. வைப்பதில்லை. பிறகு வருவார்கள். யாருக்காக நள்ளிரவில் விழித்திருக்கிறோமோ அவர்களுக்குத் தூக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஏதும் தவறினால் பார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்கும் நேரமே நல்ல நேரம் என்பது நம் துணிபு.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. பகலில் சர்வரைத் தொட வேண்டுமானால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு, மீட்டிங்கில் எட்டுப் பேர் ஒப்புதல் தர வேண்டும். இரவு என்றால் எளிதாகத் தந்துவிடுவார்கள். மெய்தான். அந்த எட்டுப் பேரும் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதே அந்த எளிமைக்குக் காரணம். இது தொழில்நுட்ப வாதம் அன்று ஆதலால் இங்கே விரிக்கவில்லை.

2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இந்தச் சர்வரை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டதே, அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பாரும் உளர். வளர்க்கவில்லை என்றார்களே தவிர நிறுத்தினோம் என்று சொல்லவில்லை. இரண்டாம் செவ்வாய் தவறாமல் வருகிறது. சஸ்டிபியும் தவறாமல் பெருக்கிறது.

பரிந்துரையாவது: கிளை அலுவலகச் சர்வர்களைச் சுத்தம் செய்த பின்னரே தலைமைச் சர்வரைச் சுத்தம் செய்க. துப்புரவைக் கீழிருந்து மேலாகச் செய்யவேண்டும் என்றே மைக்ரோசாஃப்ட் ஆவணமும் சொல்கிறது. அலுவலக மரபும் ஆவணமும் ஒத்துப்போகும் அரிய இடம் இது. அவ்வேளையில் சிங்க்கை, அதாவது சர்வர் பேட்ச் விவரங்களை வாங்குவதை, நிறுத்தி வைக்க. முதலில் இன்டெக்ஸ், பிறகு பழையவற்றை டிக்ளைன் செய்தல், பிறகு கிளீனப். ஷ்ரிங்க் வேண்டாம். இரண்டாம் செவ்வாயன்று அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு பேட்ச் வெளியாகிறது. கோடையில் இங்கே இரவு 10:30. அதற்கு முந்தைய வாரத்து வியாழக்கிழமை காலை 11:10 நம் முடிபு. வியாழனன்று எமகண்டம் 6 முதல் 7:30, குளிகை 9 முதல் 10:30, ராகு காலம் 1:30 முதல் 3 ஆதலால் மூன்றிலும் படாது. 11 மணிக்கே தொடங்கினால் என்ன எனின், 11 மணிக்கு டீ வரும்.