மூக்கை மறந்தால் கண் சிவக்கும்

நேத்ராணித் தீவில் ஸ்கூபா இறங்கினேன். ஐந்து மீட்டர் போவதற்குள் மாஸ்க் கண்ணைப் பிடுங்குவதுபோல் இழுத்தது. பட்டையை இறுக்கிக் கட்டியதாலா?
– கல்லூரி மாணவர், மர்பி டவுன்

பட்டை இல்லை, மூக்கு. ஆழம் கூடக்கூட மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று சுருங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, காற்று பாதி. அந்தக் குறையை ஈடுகட்ட வேறெதுவும் இல்லாததால் கண்ணும் சுற்றியுள்ள தோலும் உள்ளே இழுபடுகின்றன. எவர்சில்வர் டம்ளரை வாயில் கவிழ்த்து உறிஞ்சும் குழந்தைக்கு உதட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுமே, அதே கதைதான். இறங்கும்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை மாஸ்க்குக்குள் விடுங்கள். வாயில் ரெகுலேட்டரைக் கவ்வியதும் புதியவர்கள் மூக்கை மறந்துவிடுகிறார்கள். இழுப்பு தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மூக்கால் விட்டால் ஓரத்தில் குமிழ் போகிறது, தண்ணீரும் வருகிறதே?
– அதே மாணவரின் நண்பர்

குமிழ் போகட்டும், மிஞ்சிய காற்றுதான் அது. தண்ணீர் வந்தால் மீசையைப் பாருங்கள். முழுக்க எடுக்க வேண்டாம், மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் போதும், சிலிக்கான் விளிம்பு தோலில் படியும். மீசை இல்லாதவர்கள் விளிம்புக்குள் சிக்கிய தலைமுடியை விலக்குங்கள்.

மாஸ்க் சரியாகிவிட்டது, காதுதான் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஓங்கி ஊதியும் பயனில்லை.
– ஐ.டி. ஊழியர், அல்சூர்

முதலில் அந்த ஓங்கி ஊதுவதை நிறுத்துங்கள். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய், வெளி அழுத்தம் ஓரளவு ஏறிவிட்டால் இறுக மூடிக்கொள்ளும். அதன்பின் பலத்தைக் காட்டினால் உள்காதே சேதமாகலாம். வலி வந்தபின் அல்ல, தலை நீருக்குள் போன நொடியிலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள். அரை மீட்டருக்கு ஒரு முறை. தலைகீழாகப் பாயாமல், கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்குங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். உள்ளங்கையைக் கிடையாக ஆட்டிக் காதைச் சுட்டினால் பயிற்சியாளருக்குப் புரியும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு மாஸ்க் ஏது? கல் கட்டிய கயிற்றைக் கால்விரலால் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். 1803இல் வெளியான தன் இலங்கை நூலில் ராபர்ட் பெர்சிவல் இதை எழுதியிருக்கிறார். மேலே வந்ததும் காதிலும் மூக்கிலும் அடிக்கடி ரத்தம் வந்ததையும் அவரே குறித்திருக்கிறார். கல் இழுத்த வேகத்தில் போக வேண்டியிருந்தது அவர்களுக்கு, வயிற்றுப்பாடு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

கென்சிங்டன் குளத்தில் நீச்சல் கண்ணாடி போட்டு அடிவரை மூழ்கிப் பழகலாமா?
– பள்ளி மாணவி, மர்பி டவுன்

நீச்சல் கண்ணாடியோடு கூடவே கூடாது. அது கண்ணை மட்டும் மூடுகிறது, மூக்கு வெளியே. உள்ளே காற்று விட வழியே இல்லை. மேற்பரப்பில் நீந்த அது போதும். மூழ்குவதற்கு மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்தான், அதுவும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கடலுக்குப் போய்வந்த மகனின் கண் வெள்ளை முழுக்க ரத்தச் சிவப்பு. பதறுகிறது.
– ஒரு தாய், மர்பி டவுன்

பார்க்கத்தான் பயங்கரம், அம்மா. மாஸ்க் இழுத்ததில் மேற்பரப்பு நுண்குழாய்கள் கசிந்திருக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே மறையும். வலி இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கண் முழுதும் தெளியும்வரை கடல் வேண்டாம்.

சளி பிடித்திருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? முன்பணம் கட்டிவிட்டேன்.
– புதுமாப்பிள்ளை, மர்பி டவுன்

வேண்டாம். ஆழத்தில் இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்தால், மேலே வரும்போது விரியும் காற்று காதிலும் சைனஸிலும் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே திரும்புவீர்கள்? தேதியை மாற்றிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பணம் போகட்டும்.