நிழற்படத் தூது

பிரிவு பாலைத்திணைக்கு உரியது என்று இலக்கணம் வகுத்த பெரியோர்கள் ஜோலார்பேட்டையைப் பார்த்திருந்தால், கள்ளியும் பருந்தும் வெந்த மணலும் தேடி அலையாமல், எங்கள் ரயில் சந்திப்பின் நடைமேடை ஒன்றையே அத்திணைக்கு நிலமாக எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். 1864-ஆம் ஆண்டில் இங்கிருந்து பெங்களூருக்குப் பாதை திறந்த நாள் முதலாக இவ்வூரின் தொழிலே பிரிவதும் பிரித்துவைப்பதுமாக இருந்து வருகிறது. சென்னையிலிருந்து கூடி வந்த தண்டவாளங்கள் இங்கே ஒன்றிடமொன்று விடைபெற்றுக்கொண்டு, ஒரு ஜோடி பெங்களூருக்கும் மற்றொன்று சேலம், கோயம்புத்தூர் மார்க்கமாகவும் போய்விடுகின்றன.

சென்ற ஆனி மாதத்தில் அந்த இரண்டாவது மார்க்கத்தில் என் இல்லாள் பிரயாணமானாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். “மூணு மாசம்தான். கேஸ மூடிட்டுத் தூங்குங்க” என்பதே ஜன்னல் கம்பிகளுக்கு அப்பாலிருந்து அவள் அருளிய விடைமொழி. அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அகத்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அதை மீறினால் அவர் ஒன்றும் செய்யமாட்டார், இவள் செய்வாள்.

வாணியம்பாடியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் 31 வருஷம் தோல் எண்ணிக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் விவாகத்துக்கு வயது 38. இத்தனை காலத்தில் “உன்மேல் எனக்குப் பிரியம்” என்ற வாக்கியத்தை நான் உச்சரித்ததில்லை, அவளும் கேட்டதில்லை. “ரசத்துக்கு உப்பு போதுமா” என்ற வினாவுக்கும் “ம்” என்ற விடைக்கும் நடுவில் அது எப்படியோ தினந்தோறும் பட்டுவாடா ஆகிக்கொண்டிருந்தது. வினாவும் ரசமும் ஒரே வண்டியில் ஏறிப் போய்விட்ட பிறகுதான், பட்டுவாடாவுக்கு வேறு வழி தேடவேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டது.

கடிதம் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்துத் திருப்பத்தூரில் தாலுகா அலுவலகத்து எழுத்தராக இருந்தவர்தாம் டாக்டர் மு. வரதராசனார். அவர் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று கடிதங்களையே நூல்களாக்கி வழிகாட்டியிருக்கிறார். ஆனால் அந்த வரிசையில் ‘மனைவிக்கு’ என்று ஒரு நூல் இல்லை. அத்தகைய மேதையே ஒதுங்கி நடந்த பாதையில் தோல் கணக்கன் துள்ளி நடப்பது விவேகமாகாது என்று கடிதத்தைக் கைவிட்டேன்.

எஞ்சியது கவிதை. அதற்கு எங்கள் பிரதேசத்தில் பஞ்சமில்லை. வாணியம்பாடி உருதுக் கவியரங்குகள் நடக்கும் ஊர். அந்த முஷாயிராக்களில் பல இரவுகள் உட்கார்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், மற்றவர்கள் ‘வாஹ் வாஹ்’ என்ற அரை விநாடிக்குப் பிறகு நானும் ‘வாஹ்’ என்று சொல்லி ரசிகனாகப் பெயர் எடுத்தவன் நான். அதே ஊரின் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த கவிக்கோ அப்துல் ரகுமான், பிரிவின் ஏக்கத்தையே பிராணவாயுவாகக் கொண்ட கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தமிழ்க் கஜல்களாலேயே ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்று ஒரு நூலும் செய்தார். அவர் சொற்பொழிவைக் கேட்டுவிட்டுத் திரும்பிய இரவுகளில் எனக்கும் கவிதை வரும்போல் இருந்ததுண்டு. ஜோலார்பேட்டை வருவதற்குள் அது இறங்கிப் போய்விடும்.

இனிக் கவிதை இறங்கிப் போகாமல் தாழ்ப்பாளிட ஒரு கருவி கிடைத்தது: மருமகப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கைப்பேசி. படம் எடுத்து, அதன்மேலேயே இரண்டு வரி பொறித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று எதிர்வீட்டுப் பையன் கற்பித்தான். 96 வகைப் பிரபந்தங்களில் தூது என்று ஒன்று இருக்கிறதே, அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் அனுப்பினார்களே, அதன் வாரிசு இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மேலும் எங்கள் ஊருக்குத் தூதனுப்பும் தகுதி பரம்பரையாகவே உண்டு. 2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை இங்கே நிரப்பி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். மேகம் கைவிட்ட நகரத்துக்கு ரயிலையே மேகமாக அனுப்பிய ஊர்க்காரன், ஒரு மனுஷிக்கு இரண்டு வரி அனுப்பமாட்டானா?

இவ்விடத்தில் கைப்பேசியின் பாண்டித்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அகப்பாட்டுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று உறுப்புகள். நிலமும் பொழுதும் முதற்பொருள். இந்த யந்திரமோ, அனுமதி கொடுத்துவிட்டால், நாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எடுத்த இடத்தையும் எடுத்த நேரத்தையும் தானாகவே குறித்துவைத்துக்கொள்கிறது. தொல்காப்பியம் படியாத ஒரு யந்திரம் முதற்பொருளில் இவ்வளவு நிஷ்டையாக இருப்பதைக் கண்டு நான் மெய்சிலிர்த்தேன். உரிப்பொருளான பிரிவை நான் பார்த்துக்கொள்வேன். கருப்பொருளைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. என் வீழ்ச்சி அங்கேதான் இருந்தது.

எங்கள் கல்யாணப் படம் வேறு ஜாதி. பிலிமின் மேலும் தாளின் மேலும் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின் என்னும் பசை, மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஆகையால் அந்தப் படத்தில் மாப்பிள்ளை, பெண், கண்ணை மூடிக்கொண்ட என் மாமனார் ஆகியோரைத் தவிர ஒரு மாடும் இருக்கிறது என்று நான் சொல்வதுண்டு. எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் கேட்பதும் உண்டு. 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவிலேயே அந்த மாடு வெளியேறிவிட்டது. அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டதாம். அந்த 23 விநாடியில் ஒரு மனிதன், இந்தப் படம் அவசியந்தானா என்று ஆலோசித்திருக்கலாம். எனக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படாததால், முதல் வாரத்திலேயே 412 படங்கள் எடுத்தேன்.

சிறந்த படத்துக்குச் சிறந்த களம் வேண்டும் என்று ஏலகிரிக்குப் பஸ் ஏறினேன். பொன்னேரியைத் தாண்டி ஏறும் அந்த மலைப்பாதைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் 14. திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதிதாசன் என்று கவிஞர்களின் பெயரையும், கடையெழு வள்ளல்களில் பாரி முதலானவர்களின் பெயரையும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். வளைவுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு கவிதை, ஆக 14 என்பது என் திட்டம். முல்லைக் கொடிக்குத் தேரையே விட்டுவிட்டுப் போன வள்ளலின் வளைவில், ஒரு முதியவன் இறங்கிப் படமெடுக்க அரை நிமிஷம் பஸ்ஸை நிறுத்த ஓட்டுநருக்கு மனம் இரங்கவில்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த கம்பர், பச்சை நிறத்தில் ஒரு கோடாக வந்தார். கபிலரில், முன் இருக்கைக்காரரின் வழுக்கைத் தலை குறிஞ்சி நிலத்துப் பாறைபோல் நடுவே நின்றது. மலைமேல் இறங்கி எடுத்த ஒன்றே தேறியது: புங்கனூர் ஏரிக்கரையில் தனியாக நான். கீழே, ‘ஏரி நிறைந்திருக்கிறது, எதிர்க்கரையில் நீ இல்லை’ என்று பொறித்தேன்.

இரவு பதில் வந்தது. தட்டச்சில் அவளுக்கு நம்பிக்கையில்லை, எல்லாம் குரற்செய்திதான். “ஏங்க, அந்த நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல பாருங்க. பீரோவுல மேல்தட்டுல டப்பா கீது.”

மறுநாள் வீட்டு ஊஞ்சலை, ஆடாமல் வெறிச்சோடி நிற்கும் கோலத்தில் எடுத்து, ‘ஊஞ்சலுக்கும் எனக்கும் ஒரே வியாதி, தள்ளிவிட ஆளில்லை’ என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்நாளின் தலைசிறந்த வரி என்று இன்றும் கருதுகிறேன். பதில்: “சங்கிலி துருப்புடிச்சிப் போயிருக்கு. மிஷின் எண்ணெ ரெண்டு சொட்டு வுடுங்க.” அதற்கடுத்த நாள், மேஜைமேல் அவள் மூக்குக்கண்ணாடிக் கூடு, பக்கத்தில் ஆறிப்போன காபி, ‘நினைவு ஆறவில்லை’ என்பது வரி. இதற்குப் பதில் அரை மணி நேரம் வரவில்லை. கண் கலங்கியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு வந்தது: “காபிக்குப் பின்னால மாத்திர அட்ட கீதே, அத விரிச்சிப் பாத்தேன். திங்கக்கெழமதான புது அட்ட பிரிச்சேன்னு சொன்னீங்க? பதினஞ்சுல அஞ்சு போனா பத்துதான் இருக்கணும். பன்னண்டு கீது. எந்த ரெண்டு நாள் முழுங்கல?”

ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் இரண்டு விரல்களால் ஒரு கண்ணாடித் திரையை விரித்து, ஜோலார்பேட்டையில் காபிக்குப் பின்னால் உள்ள மாத்திரையை எண்ணும் சக்தி அதற்கு உண்டா என்பது எனக்குச் சந்தேகம். 31 வருஷம் தோல் எண்ணிய நான் அன்று எண்ணிக்கையில் தோற்றேன்.

தூக்கம் பிடிக்காமல் யோசித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. அகப்பாட்டில் தலைவியின் துயரம் வெளிப்படச் சொல்லப்படுவது பாதிதான். மீதி, பின்னணியில் கருப்பொருளாக நிற்கும் நாரையிலும் எருமையிலும் வண்டிலும் பதுங்கியிருக்கும். அதற்கு உள்ளுறை என்று பெயர். பண்டிதர்கள் அதை வகுப்பு வகுப்பாக நடத்துகிறார்கள். நான் நடுவில் ஊஞ்சலையும் ஏரியையும் நிறுத்தி உரிப்பொருளை உரக்கக் கூவிக்கொண்டிருக்க, அவளோ பட்டனும் துருவும் மாத்திரையுமாகக் கருப்பொருளைத் துருவித் துருவிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். குறுந்தொகைப் புலவர்களில் சிலருடைய பெயர் தெரியாதபோது, அவர்கள் பாட்டில் உள்ள காட்சியையே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்றெல்லாம் அப்படி வந்தவையே. அந்த முறைப்படி பார்த்தால், என் கவித்துவத்துக்கு அவள் சூட்டத்தக்க பெயர் ‘மாத்திரை முழுங்கார்’ என்பதாகத்தான் இருக்க முடியும்.

அதற்குப் பிறகு கவிதை எழுதுவதை நிறுத்தி, படத்தை மட்டும் அனுப்பத் தொடங்கினேன். எடுப்பதற்கு முன் மேஜையைத் துடைத்தேன். “யாரு வந்து துடைச்சாங்க?” என்று கேள்வி வந்தது.

புரட்டாசி பிறந்த வாரத்தில், அவளிடமிருந்து முதன்முதலாக ஒரு படம் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு அவள் கட்டைவிரல். மீதியில் கலங்கிய ஒரு ரயில் டிக்கெட்: வெயிட்டிங் லிஸ்ட் 14. கவிதை ஏதும் பொறிக்கப்படவில்லை. முஷாயிராவில்கூட எனக்கு அரை விநாடி பிந்தியே வந்த அந்த ‘வாஹ்’, இப்போது நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டது. பிறகு, அவளிடம் கற்ற வித்தையால் இரண்டு விரல்களை வைத்து அந்தப் படத்தை விரித்தேன். டிக்கெட்டுக்குப் பின்னால் கட்டிவைத்த கட்டைப்பை. பையின் வாயில் பேரக்குழந்தையின் துணி ஒன்று. அதன் இடுக்கில் தலைநீட்டிக்கொண்டு, தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டி.

ஊஞ்சல் சங்கிலிக்கு நான் இன்னும் எண்ணெய் விடவில்லை என்பதை அவள் எந்தப் படத்தில் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. வரிசை 14 குறைந்து சீட்டு உறுதியாகிறதா என்று அன்று முழுவதும் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். 9 ஆயிற்று, 5 ஆயிற்று, மாலையில் 2-இல் வந்து நின்றது. ஏலகிரியின் 14 வளைவுகளிலும் எனக்கு இவ்வளவு தலை சுற்றவில்லை. இரவு சார்ட் தயாராகி இடம் கிடைத்துவிட்டது என்று அறிந்ததும் எழுந்துபோய்க் கேஸை மூடினேன். மாத்திரை அட்டையை எடுத்து, இன்றைய தேதிக்கு எத்தனை மிச்சம் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். மூன்று அதிகமாக இருந்தன.