எட்டு முழத்தில் பன்னிரண்டு

அவள் நம்மோடு பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கண் இடுப்புக்குக் கீழே இறங்கி, முழங்கால் பக்கம் போய் நின்றுகொள்ளும். திருவனந்தபுரம் வலியசாலைக்குப் புதிதாகக் குடிவந்த ஆண்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு நெளிவார்கள். பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும். அவள் பார்ப்பது வேஷ்டியை. அது எப்போது கிழியும் என்பதை.

கைக்குழந்தைக்காரி. சிக்கனக்காரி. ஆரோக்கியம் தெரிந்தவள். போதாததற்குக் கைவேலையும் வரும். இந்த நாலில் ஒன்றிரண்டு மட்டும் உள்ள பெண் பக்கத்து வீட்டில் இருந்தால் காலம் தள்ளிவிடலாம். நாலும் ஒருத்தியிடமே சேர்ந்து, அக்கிரகாரத்து வழக்கப்படி அவள் வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒன்றாக இருந்துவிட்டால், அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

"டயபர் ஒண்ணு பத்து ரூபாயாக்கும் மாமா. பொறந்த கொழந்தை நாளைக்குப் பத்து தடவை நனைக்கும். மாசம் மூவாயிரம் ரூபாயைக் குப்பையில கொட்டறதா? சொல்லுங்கோ."

சொல்ல என்ன இருக்கிறது? கணக்கு சரிதான். கணக்கு எப்போதும் சரியாக இருப்பதுதான் அவளிடம் உள்ள பெரிய தொந்தரவு.

மூவாயிரம் ரூபாய்க்கு அவள் கண்டுபிடித்த மாற்று, தெருவில் உள்ள ஆண்கள் இடுப்பில் கட்டியிருப்பது. கோமணத்துக்குப் புதுத்துணி உதவாது என்பது அவள் சித்தாந்தம். நெசவின்போது பாவுநூலுக்குப் பசை போடுகிறார்கள். அந்தப் பசை முழுக்க வெளியேறி, நூல் தளர்ந்து, துணி பஞ்சுக்குத் திரும்பும் நிலைக்கு வந்தால்தான் ஈரத்தை உறிஞ்சும். குழந்தை தொடையையும் உரசாது. அதற்கு ஒரு வேஷ்டியை இரண்டு மூன்று வருஷம் யாராவது கட்டித் துவைத்துக் கொடுக்கவேண்டும். அந்த யாராவது நாம்தான். நாம் கட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். அவளைப் பொறுத்தவரை பதப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

எட்டு முழ வேஷ்டி நீளவாக்கில் மூன்றரை மீட்டரைத் தாண்டும், அகலம் ஒன்றேகால் மீட்டர். அறுபது சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் நீளத்தில் ஆறு, அகலத்தில் இரண்டு. ஆகமொத்தம் பன்னிரண்டு கோமணம். அவள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பில் பன்னிரண்டு தெரியும். கரையை அவள் தூரப் போடுவதில்லை. ஜரிகை இல்லாத கரை தூளிக்கு முடிச்சுக் கயிறாகும். ஜரிகைக் கரை குழந்தையைக் கீறும் என்பதால் கொலு பொம்மைக்குப் பட்டாடையாகும்.

தெருவாசிகளை அவள் பிரித்து வைத்திருக்கும் முறை தனி. ஜாதகம், உத்தியோகம், சொத்து எதுவும் கணக்கில் கிடையாது. விடியற்காலையில் எழுந்து பத்மநாபசுவாமி கோவிலுக்கு நிர்மால்யம் தொழப் போகிறவர்கள் முதல் தரம். தினமும் நனைத்துப் பிழிந்து உடுத்துகிறவர்கள் ஆயிற்றே, ஒரே வருஷத்தில் துணி வெண்ணெயாகிவிடும். கஞ்சி போட்டு விறைப்பாக உடுத்தி பாங்கில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் இரண்டாம் தரம். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய மனிதர் உண்டு. சம்ஸ்கிருத பண்டிதர், இரண்டு வேதம் ஓதியவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அவர் டெரிகாட்டன் மாமா. பிரயோஜனமில்லை."

நாகர்கோவில் போகும் வழியில் உள்ள பாலராமபுரத்துக்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாலராமவர்மா மகாராஜா காலத்தில், அரண்மனைக்கு நெய்வதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள். அந்தத் தறியில் நெய்த ஒற்றைக்கரை வேஷ்டி ஒன்று என்னிடம் இருந்தது. இருந்தது என்று எழுதும்படி ஆகிவிட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை அவள் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ஆறு மாசம்" என்று தவணை சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அதைக் கட்டும்போதெல்லாம் குழந்தையின் சொத்தை இரவல் வாங்கி உடுத்திய கூச்சம் எனக்கு. உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மாசம் முடிவதற்குள் நானே மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததை மெய்க்கீர்த்தியின் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்டவன் ராஜராஜ சோழன். அந்தக் காந்தளூர் எங்கள் வலியசாலைக் கோவில்தான் என்று நாங்கள் சண்டைபோட்டு நம்புகிறோம். அவ்வளவு பெரிய சோழன்கூட ஊர்க்காரர்கள் வேஷ்டியில் கை வைத்ததாகக் கல்வெட்டு இல்லை.

ஆறு வீடு தள்ளி இருந்த தாத்தா தொண்ணூற்றிரண்டு வயதில் போனபோது தெருவே கூடி அழுதது. அவளும் வந்து அழுதாள். பதிமூன்றும் முடிந்து சுபமும் ஆனபிறகு, மறுநாள் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றாள். "தாத்தா வேஷ்டி இருக்குமோ, மாமி?" திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஆனால் அந்த மாமி உள்ளே போய் ஒரு மூட்டையே கொண்டுவந்து கொடுத்தாள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, தீர்க்காயுசாக இருந்தவர் கட்டிய பழந்துணியில்தான் கிடத்த வேண்டும் என்பது நம் பாட்டிமார் சொல்லிவைத்ததுதானே. நாம் மறந்துபோனதை அவள் செலவு மிச்சம் பிடிக்கப்போய்க் கண்டுபிடித்திருக்கிறாள். தாத்தாவின் வேஷ்டிகள் இரண்டு நாளில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் சதுரம் சதுரமாக ஆடின. மாமி அடிக்கடி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவாள்.

எங்கள் மொட்டைமாடி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? திருவனந்தபுரத்தில் மழை இரண்டு தவணை. இடவப்பாதி ஜூனில் பிடித்து ஆடி ஆவணியைத் தின்றுவிட்டுப் போனால், கொஞ்சம் மூச்சுவிட்டு, துலா மாசத்தில் இடியோடு அடுத்தது வந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு கோமணம் காய ஒன்றரை நாள். குழந்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகையால் அவள் தெருவில் உள்ள வெயிலையெல்லாம் அளந்து வைத்திருக்கிறாள். "உங்காத்து மாடியில மூணரை வரைக்கும் வெயில் இருக்கு மாமா, சும்மாத்தானே போறது?" வெயில் சும்மா போவதாக அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வெயில் இல்லாத நாளில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே சாம்பிராணி போட்டு, மேலே கோமணத்தை விரித்துவிடுவாள். அந்தப் புகை பொதுச்சுவருக்கு மேலாக எங்கள் கூடத்துக்கு வரும். சாயங்கால வேளையில் எங்கள் வீட்டில் ஏதோ பெரிய பூஜை நடக்கிறது என்று வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புவார்கள்.

கைவேலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். கும்ப மாசம் ஆற்றுகால் பொங்காலை முடிந்ததும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மண்பானையும் செங்கலும் மிஞ்சும். செங்கல்லை ஏழைகளுக்கு வீடுகட்ட மாநகராட்சி வாரிக்கொண்டு போகிறது. பானையை அவள் வாரிக்கொண்டு வருகிறாள். அதில் சிவப்புக்கீரை. பாட்டிலில் மயில். பால்கவரைக் கழுவிப் பின்னிய கூடை. மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் அவள் வாசலில் வெறுங்கையோடு நின்று, "ஒந்நும் இல்லே மோளே?" என்று கேட்டு வருத்தத்தோடு திரும்புகிறார்கள்.

அடுத்தது அமிர்தம் பொடி. கேரளத்தில் ஆறு மாசம் நிறைந்த குழந்தைக்கு மூன்று வயசுவரை அங்கன்வாடி மூலம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் அரைப்பது. நல்ல சத்து; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் குழந்தைக்குத்தான் சந்தேகம். ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு இரண்டு ஸ்பூனாகத் துப்புகிறது. துப்பினால் மிச்சத்தைத் தூரப் போடுகிறவளா அவள்? அமிர்தம் பொடி லட்டு, அமிர்தம் பொடிப் புட்டு, அமிர்தம் பொடி அல்வா. வீட்டுக்கு யார் போனாலும் தட்டில் வந்துவிடும். "அரசாங்கம் குடுக்கறது, புரோட்டீனாக்கும்." அறுபத்தெட்டு வயசில், எனக்கு ஆறு மாசம் நிறைந்துவிட்டதாகக் கேரள அரசே முடிவுசெய்துவிட்ட நினைப்பில் மென்று விழுங்கிவிட்டு வருகிறேன். ருசி மோசமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆரோக்கியத்தில் அவளோடு வாதாட முடியாது. மாமியார் தேன் தடவ விரலை நீட்டினால், ஒரு வயசுக்கு முன்னால் தேன் கூடாது என்று கையைப் பிடித்துக்கொள்வாள். உரைமருந்துக் கல் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இருந்தது. இப்போது அதன்மேல் கற்றாழைத் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. மாமியார் "நாங்கள்ளாம் வளத்தலையா?" என்றால், "எத்தனை பெத்தேள், எத்தனை தங்கித்து?" என்று திருப்பிக் கேட்பாள். இன்று கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயசுக்குள் இறப்பது 5. தேசத்துக்கு அது 25. 2023ஆம் ஆண்டுக் கணக்கு. இது அவளுக்கு மனப்பாடம். அந்த ஐந்தைத் தானே நேரில் நின்று குறைத்ததாக ஒரு பெருமிதம் முகத்தில் வரும். பிரசவம் கழிந்து வேதுகுளிக்கு ஆள் வைத்தால் செலவு என்று, பலாமரத்தடியில் விழுந்த இலையையும் புளியிலையையும் தானே பொறுக்கிவந்து கொதிக்கவைத்துக் குளித்தாள். அந்த அண்டாவும் எங்கள் வீட்டு அண்டாதான்.

சாலைக் கம்போளத்தில் கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவின் மனுஷர்களை ஒருவர் விடாமல் எழுதினார் ஆ. மாதவன். 2021இல் போய்விட்டார். இவள் கம்போளத்தில் தேங்காயெண்ணெய்க்குப் பேரம் பேசுவதை அவர் ஒருநாள் கேட்டிருந்தால், என் தலையில் இந்த வேலை விழுந்திருக்காது.

அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் உண்டு. அவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எழுதும்படியாக அவன் ஒன்றும் செய்வதில்லை. மத்திய அரசு உத்தியோகம். குழந்தை பிறந்ததற்கு 15 நாள் விடுப்பு கொடுத்தார்கள், தூங்கித் தீர்த்தான். அவளுக்குச் சட்டப்படி 26 வாரம். அது முடிந்து இப்போது டெக்னோபார்க் போகிறாள். கழக்கூட்டம் போகும் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன், விடியற்காலை ஐந்து மணிக்கு, முந்தின ராத்திரிக் கோமணங்களைத் துவைக்கும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். பாலைப் பிழிந்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். டயபரில் மிச்சம் பிடித்த மூவாயிரம் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். அவன் புதுப் போனுக்கு மாசத் தவணையாம். "அவளுக்கு இதெல்லாம் இஷ்டம் மாமா, சும்மா இருக்கவே மாட்டா" என்றான் அவன், ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே. அவன் வேஷ்டி கட்டுவதில்லை. கட்டியிருந்தால் அதையாவது அந்தக் குழந்தைக்குக் கொடுத்ததாகப் பேர் வந்திருக்கும். தெருவெல்லாம் வேஷ்டி யாசித்து ஒரு பெண் நடத்தும் குடும்பத்தைச் சிக்கனம், சாமர்த்தியம், கற்பனைவளம் என்று நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மெச்சுகிறோம். அவளுக்குத் தூக்கம் கிடையாது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருக்கிறது. இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்தவன் நிச்சயமாக ஓர் ஆண்.

போன வாரம் இதை அவளிடமே கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னேன். ஒருநாள் அவனைத் துவைக்கச் சொல்லேன் என்றேன்.

"சொன்னேனே மாமா. துவைச்சார். சோப்பு ஒரு கட்டி தீந்துபோச்சு. கணக்குப் பார்த்தா நானே துவைக்கறதுதான் லாபம்."

விஷுவுக்கு என் பெண் எடுத்துக் கொடுத்த புதுவேஷ்டியைக் கட்டிக்கொண்டு அப்போது நின்றிருந்தேன். அவள் கண் வழக்கம்போல் இறங்கிற்று. குனிந்து நுனியை எடுத்து விரலால் தேய்த்தாள்.

"நல்ல நூல். பசைதான் போகணும். ரெண்டு வருஷம் விடாம கட்டுங்கோ மாமா. ப்ளீச்சு மட்டும் போடவே கூடாது கேட்டேளா?"

"கொழந்தைக்கு இப்பவே எட்டு மாசம். ரெண்டு வருஷம் கழிச்சு அவனுக்கு எதுக்கு?"

அவள் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து என் சம்சாரம்தான் சொன்னாள்: "அவனுக்குன்னு அவ எங்கே சொன்னா? பேசாம கட்டுங்கோ."