கண்ணை மூடிக்கொண்டு செய்பவருக்கு ஓர் அட்டை

கே: இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு மெஷின் செட்டிங் போடுவேன். என் முன்னாலேயே ‘இப்படிச் செய்யவும்’ என்று அட்டை தொங்கவிடுகிறார்கள். அவமானம் இல்லையா?
– லேத் ஆபரேட்டர், அம்பத்தூர்

ப: கண்ணை மூடிக்கொண்டு என்கிறீர்கள் பாருங்கள், அட்டை அதற்குத்தான். புதுப் பையன் பயத்தில் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பான். ஒரு படியைத் தாண்டிப் போனதே தெரியாமல் போகிறவர் கை பழகியவர்தான்.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் டேட்டன் நகரை ஒட்டிய ரைட் ஃபீல்டு. போயிங்கின் நான்கு இன்ஜின் விமானமான மாடல் 299 சோதனைக்குக் கிளம்பியது. ஓட்டியவர் ராணுவத்தின் தேர்ந்த விமானி மேஜர் ஹில். உள்ளே போயிங்கின் தலைமைச் சோதனை விமானி டவரும் இருந்தார். விமானம் நிற்கும்போது வால் பகுதி காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை எடுத்துவிட அத்தனை கெட்டிக்காரர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏறிய வேகத்தில் விழுந்து எரிந்தது. இருவரும் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் ராணுவ விமானிகள் தங்களைவிடப் பெரிய சூரர்களைத் தேடிப் போகவில்லை. ஒரு சின்னப் பட்டியலை எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ரக விமானம்தான் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் பறந்தது.

கே: டாக்டர்கள் எந்தத் தாளைப் பார்த்து ஆபரேஷன் செய்கிறார்களாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

ப: உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த தாள் இருக்கிறது, 19 அம்சங்களோடு. எப்படி அறுப்பது என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆள் இவர்தானா, எந்தப் பக்கம், மருந்து ஒவ்வாமை உண்டா, எண்ணி வைத்த பஞ்சும் ஊசியும் கணக்குக்கு வந்ததா... இப்படி. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது.

சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இந்த மாதிரித் தாள் வந்தபின் சொல்லும்படி எதுவும் குறையவில்லை என்றது 2014இல் வந்த ஓர் ஆய்வு. ஏன் என்று பெரிய விவாதமே நடந்தது. நான் எந்தக் கட்சி என்றால், வாய்விட்டுக் கேட்பது வேறு, டிக் போட்டுவிட்டுப் போவது வேறு என்கிற கட்சி.

கே: என் அம்மா எந்தக் குறிப்பைப் பார்த்து சாம்பார் வைத்தார்?
– வாசகர், மதுரை

ப: அம்மா சாம்பாரில் உப்பு கூடினால் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவீர்கள். தொழிற்சாலையிலிருந்து வால்வு வாங்குகிற கம்பெனி மோர் ஊற்றிக்கொள்ளாது. லோடைத் திருப்பி அனுப்பும்.

கே: எங்களிடம் நாற்பது பக்கக் கையேடு இருக்கிறது. ஆடிட்டின்போது மட்டும் தூசி தட்டுவோம்.
– தர ஆய்வாளர், ஓசூர்

ப: எழுதியவர் ஏசி அறையை விட்டு எழுந்திருக்க மாட்டார். மெஷினைத் தொடுகிறவரைக் கூப்பிட்டு, எங்கே தவறினால் கை போகும், எங்கே தவறினால் காசு போகும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டாது. மீதி முப்பத்தொன்பதும் ஆடிட்டருக்கு இருக்கட்டும். அவரும் பிழைக்க வேண்டாமா?

கே: தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மவுசு?
– பெயர் வேண்டாம், கோவை

ப: மகள் கல்யாணத்தில் சம்பந்தியை வரவேற்றுக்கொண்டு நிற்கும்போது, “அண்ணே, அந்த டையை எந்தப் பக்கமாத் திருப்பி மாட்டணும்?” என்று போன் வருமே, அந்த மவுசு கட்டாயம் போய்விடும்.