நக்கோ அண்ணாச்சி

புனே பக்கம் ரஞ்சன்காவ் எம்ஐடிசி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் தமிழன் முதலில் வாங்குவது குக்கர், அடுத்தது பழைய பைக். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பெட்ரோல் டேங்க் மேல் கொள்ளாத அளவுக்கு வளர்ந்ததும் கார் ஆசை வரும். "மூணு லட்சம் வச்சிருக்கேன்" என்று யாரிடமாவது வாய்விடுவான். "அண்ணாச்சியக் கூட்டிக்கிட்டுப் போ" என்பார்கள். அத்தோடு அவன் கார் வாங்கின மாதிரிதான்.

அண்ணாச்சி சங்கரன்கோவில் பக்கம். காரேகாவுக்கு வந்து இருபது வருஷம். காருக்குப் பின்சீட்டு பொருத்துகிற வேலை. பின்சீட்டு போல்ட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு இந்தியாவில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது. மற்ற பாகங்களைப் பற்றிய ஞானம் சுயம்பு. மராத்தியில் அவருக்கு மூன்றே சொல்: 'கிதி', 'பகூயா', 'நக்கோ'. விலை கேட்க ஒன்று, நழுவ ஒன்று, முறிக்க ஒன்று. பழைய கார் பார்க்கப் போகிறவருக்கு நாலாவது சொல் எதற்கு?

என்னோடு அவர் பதினோரு வண்டி பார்த்தார். நகர் ரோட்டில் வாகோலிப் பக்கம் ஒரு யார்டு. இறங்கியதும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது மாதிரி.

"சுடுது. நாம வர்றதுக்கு முன்னயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். ஆறின இன்ஜின் எப்படி இருமுதுன்னு நமக்குக் காட்ட மாட்டானாம். நக்கோ."

யார்டுக்காரர் விடவில்லை. ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றார். அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். "இந்த ரோட்ல இருக்கற டாக்டரவிட டாக்டர் ஓட்டுன கார் ஜாஸ்தி, கேட்டீரா?" பிறகு டார்ச்சோடு குத்தவைத்து உட்கார்ந்தார். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு எண்: 2319. "2019ஆம் வருஷம், இருபத்திமூணாவது வாரம் செஞ்ச டயரு. வண்டி 2014. இருபத்தெட்டாயிரம் ஓடுறதுக்குள்ள டயர் ஏம்வே மாத்துனான்?"

அடுத்து சட்டைப்பையிலிருந்து காந்தம் வந்தது. வீட்டு ஃபிரிட்ஜில் கரண்டு பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தம். துணி சுற்றி ஒவ்வொரு கதவாக ஒட்டிப் பார்த்தார். மூன்றில் ஒட்டியது. நாலாவதில் வழுக்கி விழுந்தது. உள்ளே தகரத்துக்குமேல் கனமாகப் பட்டி பூசியிருந்தார்கள். அதற்குள் டீ வந்தது. குடித்துவிட்டு, "நக்கோ" என்றார்.

ஆனால் அவருடைய உச்சகட்ட வித்தை சீட் பெல்ட்தான். முழு நீளத்துக்கும் இழுத்து, சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். "சீட்டக் கழுவுவான், கார்ப்பெட்ட மாத்துவான், சென்ட் அடிப்பான். இந்தக் கடைசி முழத்த எவனும் தொடமாட்டான். வெள்ளத்துல முங்குன வண்டின்னா சேறு இங்கதான் உக்காந்திருக்கும். 2015ல மெட்ராஸ்ல முங்குன காரெல்லாம் குளிச்சுப் பவுடர் போட்டு எங்கவே போச்சு?"

பணக் கணக்கிலும் கறார். மூன்று லட்சம் இருந்தால் இரண்டரைக்குமேல் வண்டி பார்க்கக் கூடாது. பாக்கி அரை லட்சத்தை முதல் ஆறு மாசத்தில் வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், நமக்கு வராது. எம்எச் 12 நம்பரோடு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தால் இங்கே என்ஓசி வாங்கி, அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றையும் மீறிச் சொல்லிக்கொண்டே வருவார். எல்லாமே சரி. அதுதான் கஷ்டம். அவர் சொன்ன ஒரு குறையைக்கூட நான் மறுக்க முடிந்ததில்லை. அதனால் ஒரு காரையும் வாங்க முடியவில்லை. இதற்குள் என் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது.

பதினோராவது நக்கோவுக்குப் பிறகு மகாகணபதி கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னார். மாலை போட்ட புது வண்டி ஒன்று தேங்காய்க்குக் காத்து நின்றது. திரிபுரத்தை எரிக்கப் போன சிவன் பிள்ளையாரை மறந்துபோய், பிறகு இங்கே வந்து கும்பிட்டதாகத்தான் ரஞ்சன்காவில் சொல்கிறார்கள். அதே கதைக்கு நம் ஊரில் அச்சிறுபாக்கம் இருக்கிறது. தேரின் அச்சு இற்ற இடம். அண்ணாச்சி இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்: "டெஸ்ட் டிரைவ் போகாம ஏறுனா ஆண்டவனுக்கே ஆக்சில் முறியும்."

அன்று மழை. பைக்கைக் கோயில் பக்கத்திலேயே போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தன் காரை வரவழைத்தார். அப்போதுதான் அவரிடம் கார் இருப்பதே எனக்குத் தெரியும். மெரூன் கலர் ஃபியட் லீனியா. இதே ரஞ்சன்காவில் பிறந்தது. கம்பெனி இங்கே விற்பனையை நிறுத்தியதில் விலை இறங்கி வந்ததாம். "ஸ்விஃப்ட் டீசல்ல ஓடுனதும் ஃபியட் டிசைன் பண்ணுன இன்ஜின்தான்வே" என்று டாஷ்போர்டைத் தடவினார். முகத்தில் அப்படி ஒரு குழைவை நான் பார்த்ததில்லை.

"எத்தன வண்டி பாத்து இத எடுத்தீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுதான். கலரப் பாத்தேன், அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

மாப்பிள்ளை பின்சீட்டுக்கு மாற, அண்ணாச்சி ஓட்ட உட்கார்ந்தார். நான் முன்சீட்டில் ஏறி, பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்வே. மாட்ற அளவுக்கு இழுத்தாப் போதும்."